பதினாறு வருட இடைவெளி

2006 மார்ச், மெல்போர்ன். காமன்வெல்த் போட்டி, டேபிள் டென்னிஸ் ஒற்றையர் ஃபைனல். எதிரே ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஹென்செல். உள்ளூர்க்காரர் என்பதால் கூட்டம் முழுக்க அவர் பக்கம். ஆறு கேம் முடிந்து மூன்றுக்கு மூன்று. ஏழாவதையும் தங்கத்தையும் தட்டிக்கொண்டு வந்தார் சென்னைப் பையன் சரத் கமல். வயசு 23.

அடுத்து அதே தங்கம் அவர் கைக்கு எப்போது வந்தது தெரியுமா? 2022 ஆகஸ்ட், பர்மிங்ஹாம். வயசு 40. எதிரே இங்கிலாந்தின் லியம் பிட்ச்ஃபோர்ட். மறுபடியும் உள்ளூர்க்காரர்! முதல் கேமை விட்டுவிட்டு அடுத்த நான்கையும் வரிசையாக எடுத்தார்.

நடுவில் பதினாறு வருஷம். வெற்றியைவிட எனக்கு இந்த இடைவெளிதான் பெரிய விஷயம்.

டேபிள் டென்னிஸ் பொடிசுகளின் ஆட்டம். கண் இமைப்பதற்குள் பந்து திரும்பி வந்துவிடும். முப்பது தாண்டினால் 'அங்கிள்' என்று ஒதுக்கிவிடுவார்கள். இதற்கு விதிவிலக்கு என்று உலகமே கைகாட்டிய ஆள் ஸ்வீடனின் யான்-ஓவே வால்ட்னர். 1989, 1997-ல் உலக சாம்பியன், 1992 பார்சிலோனாவில் ஒலிம்பிக் தங்கம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, 2004 ஏதென்ஸில், 38 வயதில், சீனாவின் மா லின்னையும் ஜெர்மனியின் டிமோ போலையும் வீழ்த்தி செமிஃபைனல் வரை வந்து நின்றார். சரத் ஆடிய முதல் ஒலிம்பிக்ஸும் அதுதான். அப்போது அவருக்கு 22.

சரத்துக்கு ஆட்டம் வீட்டுச் சொத்து. அப்பா சீனிவாச ராவ், சித்தப்பா முரளிதர ராவ் இருவருமே கோச். நாலு வயசிலேயே கையில் மட்டை. ஆறடிக்கு மேல் உயரம், டேபிளிலிருந்து தள்ளி நின்று ஃபோர்ஹேண்டில் ஓங்கி ஒரு அடி. அதை வைத்தே ஒரு ரவுண்டு வந்தார்.

ஆனால் ஆட்டம் அப்படியே இருக்கவில்லையே! அவர் வளர்ந்துகொண்டிருந்தபோதே பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 21 பாயின்ட் கேம் 11 ஆகச் சுருங்கியது. மட்டையில் ரப்பருக்கு அடியில் பசை தடவி துள்ளல் ஏற்றிக்கொள்வார்கள். ஆவி கிளம்பும் அந்தப் பசை உடம்புக்குக் கெடுதல் என்று 2008-ல் தடை. 2014-ல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி குறைந்தது. தூர நின்று அடிப்பவனுக்கு இதெல்லாம் நஷ்டக் கணக்கு. பிழைக்க வேண்டுமானால் டேபிளை ஒட்டி நிற்கணும், பேக்ஹேண்டைப் புதுசாகக் கற்கணும். முப்பது வயசுக்கு மேல் அதைச் செய்தார் சரத்.

சும்மா நடக்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெறவில்லை. 2014 கிளாஸ்கோவில் ஒற்றையர் பதக்கம் இல்லை. 2015-ல் தொடைத் தசையில் காயம், மாதக்கணக்கில் ஆட்டம் இல்லை. அத்தோடு மட்டையை மாட்டியிருந்தாலும் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

உடம்பு கைவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. மூன்று முறை தேசிய சாம்பியன் வி. சந்திரசேகர். 1984-ல் முழங்காலில் ஒரு ஆபரேஷன். அதில் ஏற்பட்ட சிக்கலில் பார்வை, பேச்சு, நடை எல்லாம் பாதித்து, ஆட்டமே முடிந்துபோனது. கோர்ட்டில் வருஷக்கணக்காகப் போராடி நஷ்டஈடு வாங்கினார், கோச்சாக மாறி வாரிசுகளை உருவாக்கினார். 2021 மே மாதம் கொரோனாவில் காலமானார்.

அடுத்த ஜூலையில், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் மூன்றாவது சுற்று. நடப்பு சாம்பியன் மா லாங் எதிரே 39 வயது சரத். இரண்டாவது கேமைப் பறித்தார். மூன்றாவதை 11-13 என்று நூலிழையில் விட்டார். 1-4 தோல்விதான், ஆனால் அந்த மூன்று கேம்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பர்மிங்ஹாமில் ஒற்றையர் தங்கம் மட்டுமா? குழு ஆட்டத்தில் ஒன்று, ஸ்ரீஜா அகுலாவோடு கலப்பு இரட்டையரில் ஒன்று, சத்தியனோடு ஒரு வெள்ளி. ஐந்து காமன்வெல்த்தில் மொத்தம் 13 பதக்கம், அதில் ஏழு தங்கம். தேசியப் பட்டம் பத்து. கமலேஷ் மேத்தாவின் எட்டுதான் அதற்கு முன் ரெக்கார்டு.

எங்கள் குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வந்து நெடுஞ்சாலையில் நேராகப் போனால் பெரியமேட்டில் நேரு உள்விளையாட்டரங்கம். 2025 மார்ச்சில் அங்கேதான் தன் கடைசிப் போட்டியை ஆடினார். ஜெயித்தவர் ஸ்நேஹித் சுரவஜ்ஜுலா, மூன்றுக்குப் பூஜ்யம். மெல்போர்ன் ஃபைனல் நடந்தபோது ஸ்நேஹித் சின்னக் குழந்தை.