பைன் மரங்களின் ஊர்

கனடாவின் சட்பரி நகருக்குத் தொடக்கத்தில் வழங்கிய பெயர் 'பைன் மரங்களின் புனித அன்னம்மாள்' என்பதாகும். 1883-இல் இருப்புப்பாதை போடப்பட்ட காலத்தில் இயேசு சபைக் குருக்கள் அங்கு நிறுவிய மறைப்பணித்தளத்தின் பெயர் அது. அதே ஆண்டில், பாதைக்காகப் பாறையைத் தகர்த்தபோது செம்புத் தாது வெளிப்பட்டது. அதில் நிக்கல் மிகுந்திருந்தது பின்னரே தெரிய வந்தது. அன்று தொட்டு ஊரின் பெயருக்கும் தோற்றத்துக்கும் இருந்த உறவு அறுபடலாயிற்று.

தாதுவிலுள்ள கந்தகத்தைப் போக்க அந்நாளில் கையாண்ட முறை எளிது, கொடிதும்கூட. வெட்டிய மரங்களை அடுக்கி, மேலே தாதுவைக் குவித்துத் தீ மூட்டுவர். குவியல் மாதக்கணக்கில் கனலும். புகைபோக்கி இல்லாமையால் கந்தகப் புகை தரையோடு தவழ்ந்து சென்றது. விறகாகிப் போன காடு ஒருபுறம், அந்த விறகின் புகையில் கருகிய காடு மறுபுறம். 1929-இல் இம்முறை கைவிடப்பட்ட பின்னரும் உருக்காலைப் புகை நிற்கவில்லை. வேர்கள் மடிந்தபின் மழை மண்ணை அரித்துச் சென்றது. ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் நிலம் கரும்பாறையாகக் கிடந்தது. (அப்பல்லோ விண்வெளி வீரர் அங்குப் பயிற்சி பெற்றது அவ்விடம் நிலவைப்போல் பாழ்பட்டிருந்ததால்தான் என்பர். உண்மையில் அவர்கள் வந்தது, பண்டு விண்கல் மோதியதன் தடயங்களைக் காணவே.)

1972-இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுந்தது. நகரின் காற்று தெளிந்தது; நச்சு தொலைவிலுள்ள ஏரிகளை நாடிச் சென்றது. இதைத் தீர்வு என்பதினும் இடமாற்றம் என்பதே பொருந்தும்.

மெய்யான தீர்வு மண்ணிலிருந்து தொடங்கியது. லாரன்சியன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் கீத் வின்டர்ஹால்டர் முதலியோர் நோயின் மூலத்தை ஆராய்ந்தனர். மண்ணில் அமிலம் மிகுந்தமையால் செம்பும் நிக்கலும் அலுமினியமும் கரைந்து வேர்களை நஞ்சூட்டின. சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி அமிலத்தைத் தணித்ததும் புல் பிடித்தது. யாரும் விதைக்காத பிர்ச் மரக்கன்றுகளும் காற்றில் வந்த விதையிலிருந்து முளைத்தன!

1978-இல் பெருந்திட்டம் தொடங்கியது. சுரங்கத் தொழிலில் ஆட்குறைப்பு நேர்ந்திருந்த காலம் அது. கோடை வேலையின்றி நின்ற மாணவர்கள் சுண்ணாம்பு மூட்டைகளைச் சுமந்து சரிவுகளில் ஏறி, கையாலேயே தூவினர். பிறகு உரம், புல்விதை, பயறினச் செடிகள், பின்னர் மரக்கன்றுகள். மடிந்த புல்லே புதிய மக்கின் முதல் அடுக்காயிற்று. 2022-இல் ஒரு கோடியாவது மரம் நடப்பட்டது.

எனினும் உலோகம் எங்கும் போய்விடவில்லை. அது மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கிறது. அமிலம் மீண்டும் ஏறினால் கட்டு தளரும். மேலும், மரம் வளர்ந்துவிட்டதால் மட்டும் காடு ஆகிவிடாது என்பதையும் அறிஞர் உணர்ந்தனர். மரநிழலில் இருக்கவேண்டிய பாசியும் பூஞ்சையும் சிறுசெடியும் தாமாக வந்து சேரத் தயங்கின. ஆகவே சாலைப் பணிக்காக அழியவிருந்த காடுகளின் தரையை, மக்கும் வேரும் நுண்ணுயிரும் சேர்த்துப் பாய்போல் பெயர்த்தெடுத்து, இந்த இளங்காடுகளில் பதித்து வருகின்றனர்.