கூலி கொடுத்துக் கற்ற பாடம்

பொருள் கொடுத்து ஓர் ஆசிரியரிடம் பெற்ற பாடத்தைத் தோழன் ஒருவனுக்குக் கைமாற்றிக் கொடுப்பது முறையா? அட்டன், தலவாக்கலை முதலிய மலையக நகரங்களில் டியூசன் வகுப்புகள் பெருகிவிட்ட இந்நாளில் இக்கேள்வி பலமுறை எழுகின்றது. ஒரு பிள்ளை பணம் கட்டி வகுப்புக்குச் செல்கிறது. அங்கே கிடைத்த 'டியூட்' என்னும் அச்சுத்தாளை அடுத்த லயத்துப் பிள்ளை இரவல் வாங்கிப் படியெடுத்துக் கொள்கிறது. ஆசிரியர் முகஞ்சுளிக்கிறார். அவர் சினத்தையும் நாம் இகழ்வதற்கில்லை. அந்தத் தாளைத் தயாரித்த உழைப்பு அவருடையது, அதனாலேயே அவர் வீட்டு அடுப்பு எரிகின்றது.

ஆயினும், இக்கேள்வியை மலைநாட்டிலே எழுப்புவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். இம்மலைகளின் பச்சைப் போர்வை முழுவதுமே, யாரோ கூலி கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று தோழருக்குத் தோழர் கைமாறி வந்ததன் விளைவாகும்.

தேயிலையைத் தூளாக்கும் வித்தையைச் சீனம் நெடுங்காலம் தன் வசமே வைத்திருந்தது. அதை எப்படியாவது அறிந்துகொள்ள விரும்பிய ஆங்கிலேயர், அஸ்ஸாமில் தேயிலைச் செடி காடாக வளர்ந்திருப்பதைக் கண்டதும், சீனத் தொழில் வல்லுநர் சிலரைச் சம்பளம் பேசி அங்கே வரவழைத்தனர். அவர்களை மேற்பார்த்த சி. ஏ. புரூஸ் என்பவர் அவர்கள் இலை கிள்ளுவதையும், வாட்டுவதையும், கையால் உருட்டுவதையும், நெருப்பிலே உலர்த்துவதையும் அருகிலிருந்து பார்த்தார். வினாக்களை அடுக்கி விடை பெற்றார். அனைத்தையும் எழுதி 1838இல் கல்கத்தாவில் நூலாக அச்சிட்டார். கூலிக்கு வந்த ஆசான்மாரின் பாடம் இவ்வாறு எவரும் வாங்கிப் படிக்கத்தக்க சிறு நூலாயிற்று. நூலின் தலைப்பிலே அந்த ஆசான்மார் 'சீனர்' என்ற பொதுப் பெயராலேயே குறிக்கப்பட்டனர். எழுதியவர் பெயர் நிலைத்தது. கற்பித்தவர் பெயரை இன்று யார் சொல்கிறார்கள்?

பத்தாண்டு கழித்துக் கிழக்கிந்தியக் கம்பெனி மேலும் ஒருபடி சென்றது. ஆண்டுக்கு 500 பவுண் சம்பளத்தில் ராபர்ட் போர்ச்சூன் என்னும் தாவர வல்லுநரை 1848இல் சீனத்துக்கு அனுப்பியது. வெளிநாட்டார் புகக்கூடாத உள்நாட்டுப் பகுதிகளிலே அவர் சீன உடையணிந்து, சீனர் போன்றே தலைமயிரைத் திருத்திக்கொண்டு திரிந்தார். 1851இல் ஆயிரக்கணக்கான செடிகளோடும் கைதேர்ந்த சீனத் தொழிலாளரோடும் இந்தியா வந்து சேர்ந்தார். தம் பயணத்தை நூலாகவும் எழுதினார். வரலாறு அவரைத் துணிவு மிக்க அறிஞர் என்று போற்றுகின்றது. மாறுவேடமிட்டு நுழைந்த இம்மனிதரை வாசகர் சற்று நினைவில் வைத்திருப்பாராக.

இலங்கைக்கு வருவோம். புசல்லாவையில் 1841இல் மொரிஸ் வோம்ஸ் என்பவர் சீனத் தேயிலைச் செடிகளை நட்டு, சீனர் துணையோடு தூள் செய்து பார்த்தார். அது வாணிபமாக வளரவில்லை. கோப்பி கொழித்த காலம் அது. 1869இல் கோப்பி இலையில் மஞ்சள் நோய் தோன்றி, அடுத்த இருபதாண்டுக்குள் அப்பயிரை ஏறத்தாழ அழித்துவிட்டது. நோய் வருமுன்னரே, 1867இல், ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். அவருக்குத் தூள் செய்யும் முறையைக் கற்பித்தவர் யார்? வடகிழக்கு இந்தியாவின் கச்சார் மாவட்டத்துத் தேயிலைத் துரையான நோபிள் என்பவர். கம்பெனியார் சீனருக்குக் கூலி கொடுத்துப் பெற்ற வித்தை அஸ்ஸாம், கச்சார்த் துரைமாரிடம் பரவி, அவர்களில் ஒருவர் வாயிலாக லூல்கந்துர பங்களாவின் விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. அந்த விறாந்தைதான் முதல் தொழிற்சாலை. மேசைகளின் மேல் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையுள்ள கையால் அழுத்தி உருட்டினார்கள்; களிமண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டிக் கம்பித் தட்டுகளில் உலர்த்தினார்கள். 1873இல் 23 இறாத்தல் தூள் லண்டனுக்குச் சென்றது.

இப்படிப் பாடத்தைப் பகிர்வதைத் துரைமார் பிழையென்று கருதினரா? ஒருபோதும் இல்லை. அதையே தம் வளர்ச்சியின் ஆணிவேராகக் கொண்டனர். கண்டியில் 1854இல் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கம் அனுபவங்களைப் பரிமாறும் களமாயிற்று. 1881இல் ஜோன் பெர்குசன் கொழும்பில் தொடங்கிய வெப்பமண்டல வேளாண்மை மாத இதழ், ஒரு தோட்டத்தில் கண்டதை மற்றத் தோட்டங்களுக்கெல்லாம் எடுத்துச் சென்றது. 1925இல் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர்த் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. ஏற்றுமதித் தேயிலையின் மேல் விதித்த வரிப் பணத்தில் விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் கொடுத்து, அவர்கள் கண்ட முடிவுகளைத் துரைமார் அனைவரும் பொதுவாகத் துய்த்தனர். மொழியைக்கூட அவர்கள் இவ்வாறே பகிர்ந்துகொண்டனர். புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழில் வேலை வாங்கப் பழகுவதற்கென்று ஒரு கைநூல் உண்டு. அதன் பெயர் 'இங்கே வா'. அப்பெயர் ஒன்றே போதும், எவ்வகைத் தமிழ் அதிலே போதிக்கப்பட்டிருக்கும் என்று உய்த்துணர.

இனி, மேசையருகே நின்று கொழுந்தை உருட்டிய கைகளுக்கு உரியவர் என்ன கற்றனர்? அவர்கள் தொழிலைக் கற்றனர். அதுவன்றிப் பிற கல்வி எதுவும் அவர்களை எட்டாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்று 1907இன் சட்டம் கூறிற்று. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமே. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் பயனுக்குப் புறம்பாகவே நின்றன; 1970களிலேதான் அவை அரசின் கைக்கு வந்தன. 1921இல் ஒழிக்கப்படும் வரை தொழிலாளியின் நடமாட்டத்தைக் கட்டிப்போட்டது 'துண்டு' என்னும் ஒரு தாள். கடன் தொகையைக் கட்டினால் இன்ன கங்காணியின் ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. தன் விலை எழுதப்பட்ட தாளைத் தானே வாசிக்க இயலாத நிலை!

இந்நிலையில் ஒரு மனிதர் வந்தார். தஞ்சையில் வணிகக் கல்வி கற்பித்தவரும், அத்துறையில் தமிழ் நூல்கள் இயற்றியவருமான கோ. நடேசய்யர், 1919இல் இலங்கைக்கு வந்தபோது தோட்டங்களைக் காண விரும்பினார். தோட்டம் துரையின் தனிச்சொத்து. அழைப்பின்றி நுழைவோர் அத்துமீறியவராவர். ஆகவே அவர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, மூட்டை சுமந்து லயங்களுக்குள் புகுந்தார். சீன உடையில் திரிந்த போர்ச்சூன் சம்பளமும் புகழும் பெற்றார். புடவை மூட்டையோடு சென்ற நடேசய்யருக்கோ தோட்ட வாயில்கள் அடைக்கப்பட்டன. இருவர் செய்ததும் பிறர் காத்துவைத்த இடத்துக்குள் வேடமிட்டு நுழைந்ததுதான். முன்னவர் தொழிலாளரின் வித்தையை முதலாளிக்கு எடுத்துச் சென்றார். பின்னவர் தொழிலாளருக்குச் சட்டத்தை எடுத்துவர முயன்றார்.

தேசநேசன், தேசபக்தன் ஆகிய இதழ்களை அவர் நடத்தினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார், 'நீ மயங்குவதேன்?' என்ற நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. அவர் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். எழுத்தறிந்த ஒருவன் காசு கொடுத்து வாங்கும் தாள் அவனோடு நின்றுவிடாது. அவன் வாசிக்கப் பத்துப்பேர் கேட்பர். பாட்டுக்கோ வாசிப்பும் வேண்டியதில்லை. ஒருமுறை கேட்டவர் மலையிலே கொழுந்து பறிக்கும்போது அடுத்த நிரையாளுக்குப் பாடிக்காட்டலாம். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியபோது, தனக்குரிய நாட்கூலி எவ்வளவு என்ற கணக்கே தொழிலாளி தோழனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதற் பாடமாயிற்று.

துரைமாரின் பயிற்சி முறையிலும் ஒரு வழக்கம் இருந்தது. துரைத்தொழில் கற்க வரும் வெள்ளை இளைஞனைக் 'கிரீப்பர்' என்பர். பெரிய துரைக்குக் கட்டணம் செலுத்தி, அவர் பங்களாவிலே தங்கித் தொழில் பழகுவது அக்கால மரபு. அவ்வாறு பழகவந்தவர்களுள் ஒருவர், 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து மடுல்கலையின் ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேடில். ஆள் நடத்தும் வித்தையை அருகிருந்து பார்த்த அவர், அதை வேறு துரைமாரிடம் பேசவில்லை. தொழிலாளர் பக்கம் சேர்ந்தார். வேலையிலிருந்து நீக்கப்பட்டார், லங்கா சமசமாஜக் கட்சியில் இணைந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில், கமலாதேவி சட்டோபாத்தியாயர் கலந்துகொண்ட கூட்டத்திலே, ஏறத்தாழ 2000 தொழிலாளர் முன்னிலையில் எழுந்து நின்று, துரைமாரின் குற்றங்களைத் தாம் நேரில் அறிந்தவர் என்றும் அவற்றை அம்பலப்படுத்துவதாகவும் பேசினார்.

மூன்று வாரத்துக்குள் தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். அதற்குக் கைக்கொண்டது 1896இன் பழைய கட்டளை. தலைமுறை தலைமுறையாகத் துரைமார் தமக்குள் தாராளமாகப் பரிமாறிய தோட்ட அனுபவம், எதிர்த்திசையில் ஒருமுறை கைமாறியவுடன் நாட்டின் அமைதிக்கே கேடாகிவிட்டது போலும்! பிரேஸ்கேடில் தலைமறைவானார். அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்கில் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றிற்று. காலிமுகத்திடலில் மக்கள் முன் அவர் தோன்றினார்; பின்னர்க் கைதானார்; எச். வி. பெரேரா வாதாடினார். பேச்சுரிமையைப் பயன்படுத்தியமைக்காக ஒருவரை நாடுகடத்தத் தேசாதிபதிக்கு அதிகாரமில்லை என்று அம்மே மாதத்திலேயே உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னாளில் இங்கிலாந்து சென்ற அவர் 1999இல் காலமானார்.

வெள்ளையர் ஒருவர்க்கு நீதிமன்றம் அளித்த காவல் லயத்து மனிதருக்கு எட்டவில்லை. டெய்லர் நோபிளிடம் பாடங்கேட்ட அதே ஹேவாஹெட்டப் பகுதியில், முல்லோயாத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். சங்கம் என்னும் பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து ஒன்றாக நின்றவர்கள் அவர்கள். 1940 ஜனவரியில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார்.