தமிழ்நாட்டில் மெல்லும் புகையிலைத் தடை

மெல்லும் புகையிலை என்பது புகைக்காமல், வாயில் அடக்கியோ மென்றோ பயன்படுத்தப்படும் புகையிலை வகைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றுடன் சேர்த்து மெல்லப்பட்டு வந்தது. பிற்காலத்தில் சிறு பொட்டலங்களில் விற்கப்படும் குட்கா பரவியது. தமிழ்நாடு அரசு 2001 இலும், மீண்டும் 2013 இலும் குட்காவுக்குத் தடை விதித்தது.

பின்னணி

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் புகையிலைக்கான நடுவண் அரசின் ஆய்வு நிலையம் அமைந்துள்ளது. தேனி மாவட்டத்தின் சின்னமனூர், மார்க்கையன்கோட்டைப் பகுதிகளில் வெற்றிலைக் கொடிக்கால்கள் உள்ளன. வெற்றிலை இத்தடைக்கு உட்பட்டதன்று. எனினும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மெல்லும் புகையிலையை மட்டுமன்றிப் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. ஆகவே, புகையிலை சேர்க்காத பாக்கும் தீங்கற்றது அன்று.

சட்டச் சிக்கல்

இத்தடைகள் உணவுச் சட்டங்களின் அடிப்படையில் விதிக்கப்பட்டவை. எனவே, புகையிலை ஓர் உணவுப் பொருளா என்பதே முதன்மையான வினாவாக இருந்து வந்துள்ளது. மாநில உணவு அதிகாரிகளுக்கு இத்தகைய தடை விதிக்கும் அதிகாரம் இல்லை என்று, மகாராட்டிரம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 இல் தீர்ப்பளித்தது. உணவுப் பொருள்களில் புகையிலையோ நிக்கோட்டினோ சேர்க்கக்கூடாது என்னும் நடுவண் அரசின் விதி 2011 இல் வந்தது. அதன்பின் 2013 இல் விதிக்கப்பட்ட தடை, ஆண்டுதோறும் புதிய ஆணைகளால் நீட்டிக்கப்பட்டு வந்தது. இவ்வாறு தொடர்ந்து நீட்டிக்க அதிகாரமில்லை எனக் கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 2023 சனவரியில் 2018 ஆம் ஆண்டு ஆணையை நீக்கியது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் நிறுத்திவைத்தது.

பயன்பாட்டு நிலை

உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துவோர் 2009-10 இல் 25.9 விழுக்காடாக இருந்து, 2016-17 இல் 21.4 விழுக்காடாகக் குறைந்தனர். அனைத்து வகைப் புகையிலையும் சேர்த்துப் பார்த்தால், இதே காலத்தில் நாட்டளவில் 34.6 இலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைவு காணப்பட்டது. தமிழ்நாட்டிலோ இது 16.2 இலிருந்து 20.0 விழுக்காடாக உயர்ந்தது. தடையாணை மட்டுமே பழக்கத்தைக் குறைத்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

அமெரிக்க ஒப்பீடு

அமெரிக்காவில் அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர்களிடையே மெல்லும் புகையிலை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அங்கு இது படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. கீழ்நிலைத் தொழில்முறை அணிகளில் 1993 இல் தடை வந்தது. புகழ்பெற்ற வீரர் டோனி குவின் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் 2014 இல் தம் 54 ஆம் வயதில் இறந்தார். தம் நோய்க்கு மெல்லும் புகையிலையே காரணம் என அவர் கூறியிருந்தார். 2016 இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, முதன்மைக் கூட்டமைப்பில் புதிதாகச் சேரும் வீரர்கள் களத்தில் அதனைப் பயன்படுத்த இயலாது. முன்பே ஆடிவந்தோருக்கு இவ்விதி பொருந்தாது. பழக்கத்தைக் கைவிடச் செய்வதினும், அது அடுத்த தலைமுறையில் தொடங்காமல் தடுப்பதே இம்முறையின் நோக்கமாகும்.