கூம்பின் பயணம்

நெடுமங்காட்டிலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலையில், மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது வித்துரா. தென்னை, ரப்பர், காணிக்காரர் பழங்குடி ஊர்கள், நாட்டின் அறிவியல் கல்விக்கழகங்களில் ஒன்றான ஐசர் வளாகம் எல்லாம் அருகருகே உள்ள ஊர். திருவனந்தபுரம் மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் கள் இறக்கும் கலயம் எல்லோருக்கும் தெரிந்த பொருள். உருண்டை அடி, குறுகிய கழுத்து. எத்தனையோ தலைமுறைகளாக அதன் வடிவம் மாறவில்லை, மாறவேண்டிய தேவையும் வரவில்லை.

பெங்களூரு மதுக்கூடங்களிலோ, பியர் ஆலைகளின் படங்களிலோ வேறொரு பாத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே பளபளக்கும் எஃகு உருளை, கீழே கூம்பு, கூம்பின் நுனியில் ஒரு வால்வு. வீட்டில் பியர் காய்ச்சுவது சட்டப்படி சரியென்று இருக்கும் நாடுகளில், அதைச் செய்யும் ஒவ்வொருவரும் சில வருடங்களில் இந்தக் கூம்புக் கலனுக்கு ஆசைப்படுவார்கள். கடையில் வாங்கக் காசில்லாதவர்கள் தாங்களே செய்துகொள்வார்கள்.

கலயம் ஏன் உருண்டை, கலன் ஏன் கூம்பு? எவ்வளவு நாள் காத்திருக்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. கள் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் போதையேறும், மறுநாள் காடியாகிவிடும். ஈஸ்ட் மிதந்துகொண்டிருக்கும்போதே குடித்து முடிப்பதால் அதைத் தெளியவைக்கும் பேச்சே இல்லை. பியர் அப்படியல்ல. முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாறு புளித்துத் தெளிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், சில வகைக்கு அதற்கும் மேல். அரிசி களைந்த நீரை அசையாமல் வைத்தால் மாவு அடியில் படிவதுபோல, வேலை முடிந்த ஈஸ்ட் கலனின் அடியில் மண்டியாகத் தங்கும். அந்த மண்டியின் மேல் பியர் நெடுநாள் கிடந்தால் செத்த ஈஸ்ட் உடைந்து கெட்ட வாடை ஏறும். தட்டையான அடி என்றால் பியரை வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டும், மாற்றும்போதெல்லாம் காற்றும் கிருமியும் உள்ளே வரும். கூம்பென்றால் பியர் இருந்த இடத்திலேயே இருக்கும். வால்வைத் திறந்து மண்டியை மட்டும் வெளியே விட்டுவிடலாம்.

இந்த யோசனை எஃகைவிடப் பல ஆயிரம் ஆண்டு மூத்தது. காகசஸ் மலையடிவாரத்து ஜார்ஜியாவில் சுமார் 8000 ஆண்டுகளாகத் திராட்சை மது செய்கிறார்கள். அங்கே 'க்வெவ்ரி' என்னும் பெரிய மண்தாழியைக் கழுத்துவரை தரையில் புதைக்கிறார்கள். தாழியின் அடி கூர்மையாக ஒடுங்கும். கனமான விதைகள் முதலில் அந்த முனைக்குள் இறங்கும், அதன்மேல் தோலும் சக்கையும் படியும். விதையின் கசப்பு மேலே உள்ள மதுவைத் தொடாது. 2013இல் யுனெஸ்கோ இந்த மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது.

கூரடிப் பாத்திரம் மத்தியதரைக்கடலுக்கு வந்தபோது ஊர் சுற்றும் பொருளாகிவிட்டது. இரண்டு கைப்பிடி, முனையடி கொண்ட ஆம்போரா ஜாடியைக் கப்பலில் சாய்த்து நெருக்கி அடுக்கலாம், கவிழ்க்கும்போது முனையையே பிடியாகக் கொள்ளலாம், உள்ளே மண்டியும் அந்த முனையிலேயே தங்கிவிடும். அதைத்தான் ரோமானிய வணிகர்கள் பருவக்காற்றைப் பிடித்து நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது ஆம்போராச் சில்லுகள் கிடைத்தன. 2007 முதல் கேரளத்தின் பட்டணம் கிராமத்தில் நடந்த அகழாய்வில் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சேரர் துறைமுகமான முசிறி அதுதான் என்பது பலருடைய கருத்து. இத்தாலியின் வெசுவியஸ் எரிமலைப் பகுதிக் கருமணல் கலந்த சில்லுகளும் அவற்றில் உண்டு. யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பிடுகிறார். ஆக, கூரடிப் பாத்திரம் 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணுக்கு வந்துவிட்டது. நம் குயவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் கலயம் உருண்டையாகவே இருந்தது. கள்ளுக்கு அந்த முனையால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

பிறகு ஐரோப்பாவே அந்த வடிவத்தைக் கைவிட்டது. வடக்கே 'கால்' (Gaul) இன மக்கள் செய்த மரப்பீப்பாய் உருட்டவும் ஏற்றவும் எளிது, உடையாது. ரோமானியரும் அதற்கு மாறினார்கள். கூம்பு மறைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் மரமும் தட்டையடியுமே ஆட்சி செய்தன. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் யாருடைய மரத்தொட்டி பெரியது என்று ஆலை முதலாளிகளுக்குள் போட்டியே நடந்தது. 1814 அக்டோபர் 17 அன்று மியூக்ஸ் ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்தது. பக்கத்துத் தொட்டிகளும் சேர்ந்து உடைய, தெருவுக்குள் பாய்ந்த பியர் வெள்ளத்தில் 8 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஏழைக் குடியிருப்பின் பெண்களும் குழந்தைகளும்.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் இந்தியச் சந்தை. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலில் வரும் பியர் பல மாதக் கடற்பயணத்தைத் தாங்கவேண்டும். லண்டனில் ஹாட்சன் என்பவரின் ஆலை இந்த வணிகத்தில் முன்னே நின்றது. 1822 வாக்கில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரைச் சேர்ந்த ஆல்சாப் அதைப் பார்த்துத் தானும் இறங்கினார். பர்ட்டனின் சுண்ணச்சத்துள்ள நீரில் பியர் வெளிர்நிறமாகவும் தெளிவாகவும் வந்தது. அதனால் ஈஸ்ட்டைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது பெரிய பிரச்சினை ஆனது. 1838இல் பீட்டர் வாக்கர் என்பவர் காப்புரிமை பெற்ற முறையில் பீப்பாய்களை வரிசையாக இணைத்தார்கள். புளிக்கும்போது நுரையோடு பொங்கும் ஈஸ்ட், அன்னக்கழுத்துக் குழாய் வழியே மேலேறித் தொட்டியில் விழும், உடன்வந்த பியர் திரும்பிப் பீப்பாய்க்குள் வழியும். மண்டியைக் கீழே விடாமல் மேலே தள்ளிய முறை இது. பர்ட்டனின் மார்ஸ்டன்ஸ் ஆலை அதை 2024 வரை வைத்திருந்தது. நுட்பத்தில் அழகானது, ஆனால் கழுவிப் பராமரிப்பது பெரும்பாடு. அதனால்தான் மற்றவர்கள் முன்பே விட்டுவிட்டார்கள்.

கப்பலில் வருவதை இங்கேயே செய்தால் என்ன என்று ஆங்கிலேயர் மலைகளைத் தேடினார்கள். குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில் குளிர்ந்த காற்றே வேண்டியிருந்தது. நீலகிரியில் காசில் ப்ரூவரி 1857இல் தொடங்கியது. 1915இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை ஒன்றுசேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை உண்டாக்கினார். அதை விட்டல் மல்லையா கையில் எடுத்தது 1947இல்.

இதற்குள் ஐரோப்பாவில் அறிவியல் வேறு பக்கம் முன்னேறியிருந்தது. லூயி பாஸ்டர் 1876இல் பியர் பற்றிய நூலை வெளியிட்டு, பியரைக் கெடுப்பது வேண்டாத நுண்ணுயிர்களே என்று நிறுவினார். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். கார்ல்ஸ்பெர்க் அதைப் பூட்டி வைக்கவில்லை, கேட்ட ஆலைகளுக்கெல்லாம் கொடுத்தது. என் கணக்கில் பியர் வரலாற்றிலேயே பெருந்தன்மையான செயல் அதுதான். ஆனால் தூய ஈஸ்ட் வந்ததும் ஆலைகளுக்கு ஒரு புதுக் கவலையும் வந்தது. பாடுபட்டு வளர்த்த ஈஸ்ட்டைத் திறந்த மரத்தொட்டியில் ஊற்றினால் அதன் தூய்மை எத்தனை நாளைக்கு?

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர் சுவிட்சர்லாந்தின் லியோபோல்ட் நாதன். மூடிய உலோக உருளை, அடியில் செங்குத்தான கூம்பு, எல்லாம் ஒரே கலனில். 1908இல் அவருடைய முறைக்குக் காப்புரிமை வந்தது. அவர் கண்டுகொண்ட இன்னொன்றும் முக்கியம். உயரமான கலனில் கரியமில வாயு நடுவே மேலேறும்போது பியரையும் இழுத்துச் செல்லும், அது ஓரமாகக் கீழிறங்கும். இந்தச் சுழற்சியே கலக்கிவிடுவதால் புளிப்பு சீக்கிரம் முடியும். மாதக்கணக்கில் ஆனதை இரண்டு வாரத்துக்கு அருகே கொண்டுவர முடியும் என்றார். கூம்பில் இறங்கும் ஈஸ்ட்டிலும் அடுக்குகள் உண்டு. முதலில் வருவது கசடும் செத்ததும். நடுவில் வருவதே வெண்ணெய்போன்ற நல்ல ஈஸ்ட், அடுத்த காய்ச்சலுக்கு அதை எடுத்துவைக்கலாம்.

ஆலைகள் நம்பவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்துதானே நல்ல பியர் வரும் என்பது அவர்களுடைய மரபு. பரவலான ஏற்பு கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. அதற்கிடையே ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரிச்மண்ட் நாதன் சிஸ்டம் என்று அவர் பெயரையே சூட்டிக்கொண்டு ஒரு பியர் நிறுவனம் நடந்தது. 1962இல் பெரிய போட்டியாளர் அதை வாங்கிக்கொண்டது.

நாதன் தன் கலனை உருவாக்கிய அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் இம்ஹாஃப் என்ற பொறியாளரும் அடியில் படிவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். அவர் கவலை கழிவுநீர். படிவுத்தொட்டிக்கு அவர் 1906இல் காப்புரிமை பெற்றார். நீரில் எவ்வளவு கசடு படியும் என்று அளக்கும் ஒரு லிட்டர் கண்ணாடிக் கூம்பு அவர் பெயரால் உலகெங்கும் போனது.

நாதனின் கூம்புக்கு மூன்று உதவிகள் வெளியிலிருந்து வந்தன. ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி 1913இல் கண்ட துருப்பிடிக்காத எஃகு முதலாவது. பால் பண்ணைகளில் பழகிய, கலனைத் திறக்காமலே உள்ளே நீரும் மருந்தும் பீய்ச்சிக் கழுவும் முறை இரண்டாவது. கலனின் சுவரிலேயே குளிர்ந்த திரவம் ஓடும் உறை மூன்றாவது. உறை வந்தபின் கட்டடத்தைக் குளிர்விக்கத் தேவையில்லை, கலனை மட்டும் குளிர்வித்தால் போதும். ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1965இல் பெருங்கலன்களை வெட்டவெளியிலேயே நிறுத்திக் காட்டியது. 1970களில் உலகின் பெரிய ஆலைகள் வரிசையாக மாறின. வெப்பம் மிகுந்த நம் சமவெளியில் பியர் ஆலை நடத்த முடிவதும் இதனால்தான். ஊட்டி வரை ஏறவேண்டிய கட்டாயம் போய்விட்டது.

பெரியதெல்லாம் பின்னர் வீட்டுக்குள் நுழைந்தது. பிரிட்டன் 1963இல் வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை நீக்கியது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுப் பியருக்கு வழிவிட்டது. சிங்கப்பூரில் குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி. எஃகுக் கலன் விலை அதிகம் என்பதால் ஆர்வலர்கள் பார்த்ததையெல்லாம் கூம்பாக்கினார்கள்: விவசாய மருந்துக்கான கூம்படிப் பிளாஸ்டிக் தொட்டி, தானியம் கொட்டும் புனல், குடிநீர்க் கேன். 20 லிட்டர் கேனைத் தலைகீழாக நிறுத்தி வாயில் வால்வு பூட்டுவது இன்றும் பிரபலம். அதில் சிக்கல், கேனின் தோள் போதிய அளவு சரியாது. ஈஸ்ட் தானாக வழுக்கி இறங்கவேண்டுமானால் கூம்பு கிடைமட்டத்துக்கு 60 பாகை அளவாவது செங்குத்தாக இருக்கவேண்டும். தட்டையான சரிவில் மண்டி ஒட்டிக்கொள்ளும், கேனை மெல்லத் திருகித் தட்டிவிட வேண்டியிருக்கும். வால்வு குறுகலானால் குழம்பு அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயு வெளியேற மேலே ஒரு வழி இல்லாத கலன் வெடிக்கும். இந்த மூன்றையும் கவனித்தவருக்குப் பிளாஸ்டிக் கலனே நல்ல பியர் தரும். பிறகு சீனாவின் ஷாண்டோங் மாகாணத்துப் பட்டறைகள் எஃகுக் கலனை நகலெடுத்து மலிவாக்கின. நம் ஊர்களுக்கும் வந்தது: 2009இல் புனேயில் டூலாலி, 2010இல் பெங்களூருவில் டாய்ட் என்னும் மதுக்கூடங்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கூம்புகளை வரிசையாக நிறுத்திக் காட்டுவதே பெங்களூரு மதுக்கூடங்களின் அடையாளமாகிவிட்டது.

வித்துராவில்? கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1077இன் அப்காரிச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றம். கிறிஸ்துமஸுக்காகப் பீங்கான் பரணியில் திராட்சை ஒயின் போடும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் உண்டு, அதற்கும் 2019 டிசம்பரில் எக்சைஸ் துறை எச்சரிக்கை விடுத்தது. ஆனால் கூம்பு இங்கே வேறொரு வாசல் வழியாக நுழைந்துவிட்டது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீரில் நுண்ணுயிர்க் கட்டிகளை வளர்க்கும் பயோஃப்ளாக் முறையில் மீன் வளர்ப்பவர்கள் தொட்டி நீரை இம்ஹாஃப் கூம்பில் எடுத்து, சுமார் 20 நிமிடம் வைத்து, படிந்த நுண்ணுயிர்க் கட்டியை மில்லிலிட்டரில் படிக்கிறார்கள். கழிவுநீருக்காகப் பிறந்த கண்ணாடிக் கூம்பு திலாப்பியா மீனுக்குத் தீவனக் கணக்கு சொல்கிறது.

சட்டத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அந்தத் துயரத்தைக் கண்ட மாநிலம் கடுமையாக இருப்பது நியாயமே. ஆனால் சாராயம் வடிப்பது வேறு, புளிக்கவைப்பது வேறு. பிரிட்டனும் அமெரிக்காவும் வீட்டுப் பியரை அனுமதித்தும், உரிமமில்லாமல் வீட்டில் வடிப்பதை இன்றும் தடுக்கின்றன. பழங்களிலிருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்குக் கேரளம் 2022இல் விதிகள் வகுத்தது. வடிப்பதற்கும் புளிக்கவைப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை வீட்டு வாசல்வரை கொண்டுபோகலாமா என்று சட்டமன்றம் விவாதிக்கவேண்டும். அது முடிவாகும்வரை வித்துராவில் யாரும் கேனைக் கவிழ்த்துப் பியர் காய்ச்ச முயலவேண்டாம். கூம்பின் வேலையைக் கண்ணால் பார்க்க விரும்புபவர், பக்கத்தில் பயோஃப்ளாக் மீன்தொட்டி வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.