பனியில்லா நாட்டின் பனிச்சறுக்கு நங்கை

நம் குண்டலுபேட்டைக்கு அண்மையிலுள்ள கோபாலசுவாமி மலைக்கு ‘ஹிமவத்’ என்னும் அடைமொழி உண்டு. ஆயினும் அதனைப் போர்த்துவது மூடுபனியேயன்றி உறைபனி அன்று. மைசூருக்கு மேற்கேயுள்ள குடகும் அத்தகையதே. காப்பியும் மிளகும் விளையும் அந்நாட்டில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா என்னும் நங்கை, 2025 செப்டம்பரில் சிலி நாட்டில் 5 கிலோமீட்டர் நெடுந்தொலைப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் வெண்கலம் வென்றார். அப்பிரிவில் அதற்குமுன் இந்தியர் எவரும் பன்னாட்டுப் பதக்கம் பெற்றிலர்.

அவர் கையாண்டது ‘கட்டற்ற நடை’ என்னும் முறை. பழைய நடையில், பனியில் வகுத்த இரு தடங்களை விட்டுக் கால்கள் விலகலாகாது. இதிலோ கால்களை மாறிமாறிப் பக்கவாட்டில் உந்தி விரைவர். 1982-இல் பில் கோக் என்னும் அமெரிக்கர் இவ்வகை உந்தலால் உலகக் கோப்பையைக் கைக்கொண்டபோது, மரபு போற்றியோர் முகஞ்சுளித்தனர். விரைவை யார்தான் தடுக்க இயலும்? 1988 காலகரி ஒலிம்பிக்கில் இரு நடைகளுக்கும் தனித்தனியே பந்தயங்கள் நடந்தன.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயர் முதலில் ஒலித்தது 1964-இல். இன்ஸ்புரூக் நகரில் ஜெரமி புஜகோவ்ஸ்கி சரிவிறங்கு பந்தயத்தில் கலந்துகொண்டார். பன்னாட்டுப் பதக்கத்திற்கோ 2018 வரை காத்திருந்தோம். மணாலியின் ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் வெண்கலம் பெற்றார். அவருக்கு இமயம் வாயிற்படியிலேயே இருந்தது. குடகு நங்கையோ, பனியில் கால் பதிக்கவே நாட்டின் மறுகோடிக்குச் செல்ல வேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டை நாம் பெரிதென எண்ணுகிறோம்.