விதைக்காது என்று விற்ற ஊதாப் பூ

வட அமெரிக்காவில் ஜூலை மாதம் வந்துவிட்டால் ஏரிக்கரை, சதுப்பு நிலம், சாலையோர வாய்க்கால் எங்கும் ஒரு ஊதாப் பூ ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். பெயர் பர்ப்பிள் லூஸ்ட்ரைஃப். தாவரவியல் பெயர் லித்ரம் சாலிகேரியா. பல்லாண்டுச் செடி, பனியில் மேல்பகுதி காய்ந்து போனாலும் அடுத்த வசந்தத்தில் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். பார்த்தவர் யாருக்கும் வீட்டில் ஒன்று வைக்கலாமே என்று தோன்றும். அப்படி வைத்ததில் வந்த வினைதான் இந்தக் கதை!

முதலில் அடையாளம். தண்டைத் தொட்டால் பெரும்பாலும் நான்கு பட்டை தெரியும். இலைகள் ஈட்டி வடிவில், காம்பு இல்லாமல், எதிரெதிராகவோ மூன்று மூன்றாகவோ இருக்கும். நீண்ட பூங்கதிர். ஒவ்வொரு பூவிலும் பெரும்பாலும் 6 இதழ்கள், கசக்கிப் பிரித்த காகிதம் போலச் சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்தை நாம் நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம்: பூமருதும் மாதுளையும் இதே குடும்பம்தான். மருதாணியும் கூட!

இதன் தாயகம் ஐரோப்பாவும் ஆசியாவும். 1800களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. பாரம் குறைந்த கப்பல் நிலையாக நிற்க அடியில் மண்ணும் கல்லும் கொட்டுவார்கள். அக்கரை சேர்ந்ததும் அதை இறக்கிக் கொட்டுவார்கள். அந்த மண்ணோடு விதைகள் போயின. இறக்குமதியான கம்பளியில் ஒட்டிக்கொண்டும் போயின. வயிற்றுப்போக்குக்கு மருந்து என்று குடியேறியவர்களே கொண்டுபோனதும் உண்டு. 1830களில் நியூ இங்கிலாந்து கடலோரத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. கால்வாய்கள் வெட்டப்பட, தண்ணீரோடு உள்நாட்டுக்கும் பரவியது. தேனீ வளர்ப்பவர்கள் தேனுக்காக விதைத்தார்கள். நர்சரிகள் அழகுக்காக விற்றன.

வளர்ந்த ஒரு செடி ஓர் ஆண்டில் 20 லட்சத்துக்கும் மேல் விதை கொடுக்கும். தூசி போன்ற அந்த விதை நீரில் மிதக்கும், சேற்றில் ஒட்டும், பல ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருக்கும். அது அடர்ந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லும் கோரையும் ஒதுங்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு தீர்வு போல வந்தவைதான் தோட்ட வகைகள். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் மோர்டன் என்ற ஊரிலுள்ள ஆய்வு நிலையம் 1930களில் 'மோர்டன் பிங்க்' என்ற வகையைக் கொடுத்தது. இது லூஸ்ட்ரைஃபின் நெருங்கிய உறவு. விதை பிடிக்காது, பரவாது என்று பல ஆண்டுகள் விற்பனையானது. தோட்டத்தில் தனியாக நின்றபோது அது உண்மையாகவும் தெரிந்தது. வாங்கியவர்கள் நம்பினார்கள்.

ஆனால் இதற்கான பதில் அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது. எழுதியவர் சார்லஸ் டார்வின்!

லூஸ்ட்ரைஃப் பூவில் மூன்று உயரங்கள் உண்டு: நெட்டை, நடு, குட்டை. சூலகத்தண்டு ஓர் உயரத்தில் இருக்கும். மகரந்தத் தாள்கள் மீதி இரண்டு உயரங்களில் இருக்கும். எனவே செடிகளில் மூன்று வகை. இந்தியக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள்: 3 வகைச் சூலகத்துக்கும் 6 வகை மகரந்தம், ஆக 18 சேர்க்கைகள். டார்வின் பதினெட்டையும் கையால் செய்து பார்த்தார். சூலகத்தண்டின் அதே உயரத்திலிருந்து வந்த மகரந்தம் பட்ட 6 சேர்க்கைகளில் மட்டுமே முழுமையாக விதை பிடித்தது. 1864ல் லண்டன் லின்னியன் சங்கத்தில் இந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது.

இப்போது மோர்டன் பிங்க்கை நினைத்துப் பாருங்கள். தண்டை வெட்டி வைத்தே பெருக்கப்பட்ட செடி. தோட்டம் முழுக்க வைத்தாலும் எல்லாம் ஒரே வகை. அதன் சூலகத்துக்குப் பொருந்திய உயரத்தில் மகரந்தம் அந்தத் தோட்டத்தில் கிடையாது. எப்படி விதைக்கும்? ஆனால் பக்கத்து வாய்க்காலில் காட்டு லூஸ்ட்ரைஃப் நின்றால் தேனீ வேலியைப் பார்க்குமா என்ன? 1993ல் வெளியான ஆய்வு ஒன்றில், நெப்ராஸ்காவில் காட்டுச் செடிகளின் நடுவே நட்ட மோர்டன் பிங்க் விதை பிடித்தது. அதன் மகரந்தமும் காட்டுச் செடிகளுக்குப் போகக்கூடியது என்பது மானிடோபா ஆய்வுகளில் தெரிந்தது.

அதற்குள் 1987லேயே மினசோட்டா மாநிலம் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. பல மாநிலங்கள் விற்பனையைத் தடை செய்தன. 1992ல் ஐரோப்பாவிலிருந்து இலை தின்னும் கலெருசெல்லா வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பல இடங்களில் செடியின் அடர்த்தி குறைந்தது. அடியோடு ஒழியவில்லை.

ஐரோப்பாவில் இது சொந்த ஊர்ச் செடி. அதைத் தின்னும் பூச்சிகளும் அங்கேயே உண்டு. அங்கே குளக்கரையில், ஈரமண்ணில், நல்ல வெயிலில் வைக்கலாம். பூ வாடியதும் கதிரை வெட்டிவிட்டால் விதை சிதறாது. வட அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்த மண்ணுக்கே உரிய லயாட்ரிஸ், நீல வெர்வெயின் இரண்டும் ஊதாக் கதிர் தரும். ஏற்கெனவே லூஸ்ட்ரைஃப் இருந்தால் விதை முற்றும் முன் வேரோடு எடுத்துப் பையில் கட்டிவிட வேண்டும்.

நாளை எந்த ஊர் நர்சரியிலாவது "இது விதைக்காது" என்று ஒரு செடியைக் காட்டினால் ஒரு கேள்வி கேளுங்கள்: தனியாக நிற்கும்போதா, சொந்தக்காரச் செடி பக்கத்தில் நிற்கும்போதா?