பலகை ஆட்டமுறையில் குவாண்டம் கட்டுப்பாடு

பலகை ஆட்டமுறையில் குவாண்டம் கட்டுப்பாடு என்பது, சதுரங்கம், கோ முதலிய ஆட்டங்களை விளையாடுவதற்கென உருவாக்கப்பட்ட கணினிப் படிமுறைகளைக் கொண்டு, குவாண்டம் ஒழுங்கியம் ஒன்றை வேண்டிய நிலைக்குக் கொண்டுசெல்லும் வழியைத் தேடுதல் ஆகும்.

சிக்கலின் தன்மை

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு கியூபிட் எனப்படும். மீக்கடத்திச் சுற்றாலான கியூபிட்டின் நிலை நுண்ணலைத் துடிப்புகளால் மாற்றப்படுகின்றது. சூழலின் தாக்கத்தால் அந்நிலை விரைவிலேயே சிதைந்துவிடும். ஆகவே துடிப்பு வரிசை குறுகியதாகவும் பிழை குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் துடிப்பு உண்டு, இல்லை என இரண்டே தெரிவுகள் இருந்தாலும், 40 படிகளில் ஓர் இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள் அமையும். படிகள் கூடக்கூட அனைத்தையும் சோதித்தல் இயலாததாகிவிடும்.

ஆட்டத்துடன் ஒப்புமை

* பலகையில் காய்களின் அமைப்பு - ஒழுங்கியத்தின் தற்போதைய நிலை
* காய் நகர்த்தல் - அடுத்த துடிப்பைத் தெரிவுசெய்தல்
* வெற்றி - இறுதி நிலை இலக்கு நிலையுடன் ஒத்திருக்கும் அளவு

இரண்டிலும் தொடக்க நகர்வு ஒன்றின் பயன் முடிவிலேயே தெரியவரும். இதுவே ஒப்புமையின் அடிப்படை ஆகும்.

வரலாறு

2016 மார்ச்சில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோ என்னும் நிரல், தென்கொரியாவின் கோ ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்ற கணக்கில் வென்றது. 2017 இல் வெளியான ஆல்ஃபாசீரோ, மனிதர் ஆடிய ஆட்டங்களைப் பாராமல், விதிகளை மட்டும் அறிந்து தனக்குத்தானே ஆடிக் கற்றது. சாத்தியமான நகர்வுகளை மரம்போல் கிளைவிரித்துத் தேடும் முறையும், எக்கிளை பயனுள்ளது என மதிப்பிடும் நரம்பியல் வலையமைப்பும் இதில் இணைந்துள்ளன.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையை மீக்கடத்திக் கியூபிட்டுகளின் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தி, 2020 இல் முடிவுகளை வெளியிட்டனர். தீர்வுகளில் மறைந்திருந்த சமச்சீர்மையை ஆல்ஃபாசீரோ தானாகவே கற்றுக்கொண்டது. ஆல்ஃபாசீரோ பரந்த வெளியில் நல்ல தொடக்கங்களைக் கண்டறிய, சரிவுவழி உகப்பாக்கம் அவற்றை நுணுக்கமாகச் சீர்செய்யும் கலப்பு முறையும் ஆராயப்பட்டது.

வரம்புகள்

மேற்கூறிய ஆய்வு கணினிப் பாவனையில் நிகழ்த்தப்பட்டது. சதுரங்க விதிகள் முழுமையாக அறியப்பட்டவை. அவை ஆட்டத்தின் நடுவே மாறுவதில்லை. உண்மையான கருவியிலோ இரைச்சல் உண்டு. அதன் பண்புகளும் காலப்போக்கில் சற்றே மாறும். எனவே பாவனையில் சிறந்த வரிசை, கருவியில் மீண்டும் அளந்து சரிபார்க்கப்பட வேண்டும். அளத்தல் குவாண்டம் நிலையையே மாற்றிவிடுவதால், ஆட்டக்காரர் பலகையைப் பார்ப்பதுபோல் இடையிடையே நிலையைப் பார்த்துக்கொள்ளவும் இயலாது.